முதுகும் முழங்காலும்

பால்மரத் தொழிலாளி ஒருவர் அறுபதாவது வயதில் தோட்டத்தை விட்டு வெளியேறும்போது அவரிடம் இரண்டு சேமிப்புகள் இருக்கின்றன. ஒன்று, ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணம். மற்றொன்று, முதுகிலும் முழங்காலிலும் சேர்ந்த வலி. பணம் மகள் திருமணத்துக்கும் வீட்டு முன்பணத்துக்குமாக இரண்டொரு ஆண்டில் கரைந்துபோகிறது. வலியோ கரைவதில்லை. அதற்கு ஆண்டுதோறும் வட்டியும் ஏறுகிறது.

ஈப்போவை அடுத்த புந்தோங்கில் இன்று குடியிருப்போரில் தோட்டம் விட்டு வந்த குடும்பங்கள் பல. பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்பு நிலமாகியும் குறைந்தபோது லயத்தைக் காலி செய்து வந்தவர்கள் அவர்கள். மாடி வீட்டில் இடம் கிடைத்தவர்கள், கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, நண்டு நடப்பதுபோல் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கேட்டால், "எலும்பு தேஞ்சு போச்சுங்க, இனி என்ன செய்யிறது?" என்பார்கள்.

இந்தத் "தேய்மானம்" என்ற சொல்லைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் பாதிக் கேட்டை அந்தச் சொல்லே செய்துவிடுகிறது. தேய்ந்தது என்றதும் நம் மனத்தில் தோன்றுவது லோரியின் டயர். டயர் தேய்ந்தால் ஓட்டாமல் நிறுத்தி வைக்க வேண்டும். அல்லது மாற்ற வேண்டும். அதேபோல் முழங்காலையும் ஓட்டாமல் நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். நாற்காலியில் உட்காருகிறார்கள். தொலைக்காட்சி பார்க்கிறார்கள். ஆறு மாதத்தில் தொடைச் சதை வற்றுகிறது, உடம்பு பெருக்கிறது, வலி இரட்டிப்பாகிறது.

மூட்டு டயர் அன்று. அது உயிருள்ள பொருள். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரே அதற்கு உணவு. மூட்டு மடங்கி நிமிரும்போது, ஈரப் பஞ்சை அமுக்கி விட்டாற்போல் அந்த நீர் உள்ளே போய் வருகிறது. ஆகவே அசைவே மூட்டுக்குச் சோறு. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டும், டாக்டர்கள் டிஸ்க் என்று சொல்வது, ஏறக்குறைய இப்படித்தான் பிழைக்கிறது.

இன்னொன்று. வலியே இல்லாத மனிதர்களின் முதுகை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றை 2015-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ஐம்பது வயதினரில் பத்துப் பேருக்கு எட்டுப் பேரின் தட்டுகள் தேய்ந்திருந்தன. அவர்களுக்கு வலி இல்லை! படத்தில் தேய்மானம் தெரிவதாலேயே ஒருவர் முடமாகிவிட்டார் என்று பொருளல்ல. தலை நரைப்பதுபோல் முதுகும் நரைக்கிறது. எக்ஸ்ரே படத்தை வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு கவலைப்படுகிற தோழர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நம் ஆட்களுக்கு மட்டும் வலி ஏன் இவ்வளவு? விடை நிரையில் இருக்கிறது.

ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு மரங்கள். புதுப்பட்டையின் வெட்டு நெஞ்சு உயரத்தில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்குகிறது. வெட்டு முழங்காலுக்குக் கீழே வந்துவிட்ட மரத்தை நிமிர்ந்து நின்று சீவ எந்த மனிதனாலும் முடியாது. மேல்பட்டைக்குப் போனால் கழுத்து பின்னால் சாய்கிறது, கை தலைக்குமேல் ஏறுகிறது. சீவி முடித்தபின் பாரம். இருபது லிட்டர் வாளி நிறைந்தால் ஏறக்குறைய 20 கிலோ. காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கினால் 40 கிலோ. மேடு பள்ளம், ஈர மண், அட்டை எல்லாம் அதற்குமேல். இப்போது பெரும்பாலும் மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலாக எடுக்கிறார்கள். காண்டா போயிற்று, சாக்கு வந்தது, பாரம் போகவில்லை. தென் தாய்லாந்தில் பால் வெட்டுவோரிடையே நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் இடுப்பு வலியால் அவதியுறுவதாகத் தெரிந்தது. மரமும் ஒன்றே, கத்தியும் ஒன்றே. இங்கு மட்டும் வேறாக இருக்க முடியுமா?

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. மரத்தை அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். இதை அறிந்துதான் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று நாளுக்கு ஒருநாள், நான்கு நாளுக்கு ஒருநாள் என்று மரத்துக்கு ஓய்வு வகுத்தார்கள். மரம் எவ்வளவு தாங்கும் என்பதை ஆராய இந்நாட்டில் 1925-இலேயே ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டுவிட்டது. மரம் ஓய்வெடுக்கும் நாளில் அதை வெட்டிய மனிதர் எங்கே போகிறார்? அடுத்த நிரைக்குப் போகிறார்! அவர் முதுகு எவ்வளவு தாங்கும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதிகாலை வேலையும் ஒரு காரணம். வெயில் ஏறுமுன் மரத்தினுள் பாலின் அழுத்தம் மிகுதி. ஆதலால் இருட்டிலேயே தொடங்குகிறோம். இதை மாற்ற முடியாது. ஆனால் இரவு முழுவதும் படுத்திருக்கையில் முதுகுத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கின்றன என்பதை அறிந்துகொள்வது நல்லது. எழுந்தவுடன் குனிந்தால், உப்பிய தட்டின்மீதும் அதைப் பிணைத்திருக்கும் நார்களின்மீதும் இழுவை மிக அதிகமாக விழுகிறது. நிமிர்ந்து நடமாடினால், ஒரு நாளில் வடியவேண்டிய நீரில் பாதியளவு முதல் ஒரு மணி நேரத்திலேயே வடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் நாட்பட்ட முதுகுவலிக்காரர்களைக் காலையில் எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனியாமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மருந்தொன்றும் இல்லாமல் வலி குறைந்ததாக 1998-இல் எழுதினார்கள்.

நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்குப் பிரட்டில் நின்று, ஆறு மணிக்கு முதல் மரத்தில் குனிகிற நமக்கு இரண்டு மணி நேரம் ஏது? எனினும் கிடைக்கிற ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். எழுந்ததும் குனிந்து வாசல் பெருக்குவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, தரையில் உட்கார்ந்து பசியாறுவது ஆகியவற்றை மாலைக்குத் தள்ளுங்கள். நின்றபடி பல் துலக்குங்கள். பிரட்டுக் களத்துக்கு நடந்தே போக முடிந்தால் நடந்து போங்கள். வீட்டிலிருந்து நிரைவரை மோட்டார் சைக்கிளில் கூனிக்கொண்டு போய், இறங்கியதும் முதல் மரத்தில் குனிவதைப் போன்ற தீங்கு முதுகுக்கு வேறில்லை.

மரத்தடியில் குனிவதா, மண்டியிடுவதா என்று பலர் கேட்கிறார்கள். அது முதுகுக்கும் முழங்காலுக்கும் இடையே நடக்கும் வழக்கு. ஒருவர் பக்கமே தீர்ப்புச் சொன்னால் மற்றவர் பழிவாங்குவார். நாம் சொல்வது: ஒரு காலை முன்வைத்து, இடுப்பிலும் முழங்காலிலும் பங்கு போட்டு வளையுங்கள். மரத்தைச் சுற்றிக் கால் நடக்கட்டும். கால் ஓரிடத்தில் நிற்க, இடுப்பு மட்டும் முறுக்கிக்கொண்டு திரும்ப வேண்டாம். பத்துப் பன்னிரண்டு மரத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, இரு கையையும் இடுப்பில் வைத்துச் சற்றே பின்னால் சாயுங்கள். கத்தியைத் தீட்டி வையுங்கள். மழுங்கிய கத்திக்கு முதலில் கூலி கொடுப்பது தோள்பட்டைதான்.

கிராணிமார் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். சம்பளப் பட்டியலின்மேல் எட்டு மணி நேரம் கவிழ்ந்திருக்கும் கழுத்துக்கும் இதே கதிதான். இப்போது பட்டியல் போய்க் கணினி வந்திருக்கிறது; கழுத்து அதே இடத்தில்தான் இருக்கிறது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். மானேஜர் என்ன வேலை என்று கேட்டால், ஸ்டோரில் கணக்குப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இனி, வலி வந்துவிட்டவர்கள் செய்யவேண்டியது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2020-இல் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேர் இடுப்பு வலியால் அவதியுற்றார்கள் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. அது முதன்மையாகப் பரிந்துரைப்பவை, நோயைப் பற்றி விளங்கிக்கொள்வதும் உடற்பயிற்சியுமே. நம்மில் பலர் நூறு, இருநூறு வெள்ளி கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம் என்று அதே வழிகாட்டி சொல்கிறது.

"நாள் முழுக்க உடம்பு முறியுது, இதில் உடற்பயிற்சி வேறா?" என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். வேலை என்பது ஒரே சதையை ஒரே விதமாக அடிப்பது. பயிற்சி என்பது வேலை தொடாத சதையை எழுப்புவது. முழங்கால் வலிக்கு முதல் மருந்து தொடையின் முன்சதை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். முடியாதவர்கள் உயரமான நாற்காலியில் தொடங்கலாம். இடுப்புக்கு, மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது. அவ்வளவுதான், இருபது நிமிடம். செய்யும்போது சற்று வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாளும் வலி தங்கி, மூட்டு வீங்கினால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். அதற்குள் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் இந்த மருந்தின் ஒரே குறை.

ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்கோ போலோ மைதானத்துக்கோ காலையில் போய்ப் பாருங்கள். சீனத் தாத்தாக்களும் பாட்டிமாரும் தண்ணீருக்குள் அசைவதுபோல் மெல்லக் கையைக் காலை அசைத்துத் தாய்ச்சி ஆடிக்கொண்டிருப்பார்கள். அமெரிக்க வாத நோய் மருத்துவர் சங்கம் 2019-இல் முழங்கால் தேய்மானத்துக்கு அழுத்தமாகப் பரிந்துரைத்தவற்றுள் இந்தத் தாய்ச்சியும் ஒன்று. யோகாசனத்தையும் அது ஏற்றுக்கொண்டது. நம் கோயில் மண்டபங்களும் தமிழ்ப்பள்ளித் திடல்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரும்பாலும் சும்மாதானே கிடக்கின்றன?

உடம்பின் எடை அடுத்தது. ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலின்மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. 2023-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மேற்பட்ட எடையுள்ளவர்கள். நிரையில் ஓடிய காலத்தில் சாப்பிட்ட அதே சோற்றை, ஓட்டம் நின்றபிறகும் சாப்பிடுவதால் வந்த வினை இது. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேயை நாளைக்கு நான்கிலிருந்து ஒன்றாக்குங்கள். சோற்றைக் குறைத்து மீன், தெம்பே, பருப்பு, கீரை ஆகியவற்றைக் கூட்டுங்கள். புந்தோங்கின் பெயர் போன கச்சாங் பூத்தேயை நாம் குறைசொல்ல மாட்டோம். ஆனால் ஒரு கைப்பிடி வேறு, ஒரு பொட்டலம் வேறு. (அதை வறுத்துக் கட்டும் தாய்மார்கள் தாழ்ந்த முக்காலியில் மணிக்கணக்காகக் குனிந்து உட்காருகிறார்களே, அவர்களுக்கும் இக்கட்டுரை பொருந்தும். முட்டுத் தேய்மானத்தால் அவதியுறுவோரில் பெண்களே மிகுதி.)

எண்ணெய் தேய்ப்பது, ஒற்றடம் கொடுப்பது பற்றி நமக்கு எதிர்க்கருத்து இல்லை. நொச்சி இலை ஒற்றடமும் முடக்கற்றான் ரசமும் நம் பாட்டிமார் கப்பலில் கூடவே கொண்டுவந்த அறிவு. வெப்பம் சதையைத் தளர்த்துகிறது, கை படுவது மனத்தைத் தேற்றுகிறது. அந்த ஆறுதலோடு எழுந்து பயிற்சி செய்தால் நல்லது. தைலம் குருத்தெலும்பை முளைக்க வைக்கும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

நம்மை உண்மையாகக் கலங்க வைப்பது வேறு. இரவுச் சந்தையிலும், தெரிந்தவர் மூலமாகவும், இப்போது கைப்பேசி வழியாகவும் "முழுக்க முழுக்க இயற்கை மூலிகை" என்று ஒரு பொடியோ, மாத்திரையோ, ஜாமுவோ வருகிறது. மூன்றே நாளில் வலி பறந்துவிடுகிறது. பறக்காமல் என்ன செய்யும்? இத்தகைய பொருள்களில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளும் வலி மாத்திரைகளும் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. இதை மாதக்கணக்கில் விழுங்கினால் முகம் நிலவுபோல் உப்பும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். குடலில் புண்பட்டு இரத்தம் கசியும். எல்லாவற்றுக்கும் மேலாக எலும்பே பஞ்சாகி, முதுகெலும்பு அமுங்கும். முதுகைக் காக்க வாங்கிய பொடி முதுகையே தின்றுவிடும்! மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிரும் முத்திரை வில்லையும் இல்லாத எதையும் வாங்காதீர்கள். ஏற்கெனவே பல வாரங்களாக உட்கொண்டவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தோடு அரசாங்க மருத்துவ நிலையத்துக்குப் போங்கள். பொட்டலத்தை டாக்டரிடம் காட்ட வெட்கப்பட வேண்டாம்.

எல்லா வலியும் தேய்மானமும் அல்ல. காலில் பலம் குன்றுதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, தொடையிடுக்கில் மரத்துப் போதல் ஆகியவை தோன்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகுவலியோடு காய்ச்சலோ காரணமற்ற மெலிவோ இருந்தாலும், விழுந்தபின் வலி வந்தாலும் தாமதிக்கலாகாது. விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்தால் அது வேறு வாத நோய். அதற்கு வேறு மருந்து உண்டு, நாள் கடத்தினால் மூட்டு கோணிவிடும்.

இதுவரை தொழிலாளி தாமே செய்துகொள்ளக் கூடியதைச் சொன்னோம். இத்தோடு நிறுத்தினால் இது தோட்ட முதலாளிகளுக்கு மிகவும் பிடித்த தலையங்கமாகிவிடும். "எடையைக் குறை, உடற்பயிற்சி செய்" என்று தொழிலாளியிடம் சொல்லிவிட்டு, அவர் கையில் மீண்டும் சாக்கைக் கொடுப்பது எந்த வைத்தியத்தில் சேர்த்தி? ஒரு மனிதரின் வாழ்க்கை முறையில் பெரும்பங்கு அவர் செய்யும் வேலையே. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்வரை, பன்னிரண்டு மரத்துக்கு ஒருமுறை நிமிர்கிறவர் அதற்குரிய காசை இழக்கிறார். முதுகுக்கு எது நல்லதென்று தெரிந்தும் செய்ய முடியாமற் போவது இதனால்தான்.

சட்டம் இப்போது முன்னைவிட நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி வேலையிலுள்ள ஆபத்துகளை மதிப்பிட்டுக் குறைப்பது முதலாளியின் கடமை. முதுகு ஒடிவதும் ஆபத்துதான். பாம்பு கடித்தால்தான் ஆபத்து என்பதில்லை. பாரம் தூக்குவதற்கென்றே 2018-இல் அரசாங்கம் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இடுப்பு உயரத்தில், உடம்போடு அணைத்துத் தூக்கும்போதே ஆணுக்கு 25 கிலோ என்பது இத்தகைய வழிகாட்டிகள் கூறும் அளவு. தரையிலிருந்தோ தோளுக்கு மேலோ தூக்கினால் அது பாதிக்கும் கீழே இறங்குகிறது. பெண்களுக்கு இன்னும் குறைவு. நம் கட்டிப்பால் சாக்கு எத்தனை கிலோ? அதை லோரியின்மேல் எத்தனை அடி உயரத்துக்குத் தூக்கிப் போடுகிறோம்?

நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருந்தாக வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உட்கார வேண்டும். அங்கே கேட்கவேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. சாக்கின் அளவைக் குறைப்பது, லோரி நிற்கும் இடத்தில் ஒரு மேடை கட்டுவது, நிரைக்கு அருகில் ஒரு கைவண்டி, மேல்பட்டைக்கு நீண்ட பிடியுள்ள கத்தி, முதுகு கெட்டவருக்குத் தாழ்வெட்டு நிரை கொடுக்காமலிருப்பது. மேடை கட்டச் சிமெண்டு போதும்.

கடைசியாகக் கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. பாரம் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டால், "நாலு நாள் எம்.சி. எடுத்துக்கப்பா" என்று அனுப்பிவிடுவது பல தோட்டங்களில் வழக்கமாக இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வேலையில் நேர்ந்த விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. அந்தப் பாரத்தை நிரப்புவது நம் கைதான். தேதி, மணி, நிரை எண், தூக்கிய பொருள், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிவிடுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அவர் சொக்சோ மருத்துவக் குழுவின்முன் நிற்கும்போது, அவர் வாய்ச்சொல்லைவிட அந்த ஒரு தாள் உரக்கப் பேசும். வேலைக்குத் திரும்ப உதவும் மறுவாழ்வுத் திட்டத்தையும் சொக்சோ 2007 முதல் நடத்தி வருகிறது. உடலியக்கப் பயிற்சி அதில் கிடைக்கும். இதையும் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கிளைத் தலைவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்குப் போய் வாருங்கள். தரையிலிருந்து தராசுக்கு எத்தனை அங்குலம், தராசிலிருந்து லோரித் தட்டுக்கு எத்தனை அங்குலம், சாக்கு நிறைந்தால் எத்தனை கிலோ, ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை சாக்குத் தூக்குகிறார் என்று நான்கு எண்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மற்றதைக் கூட்டத்தில் பேசிக்கொள்வோம்.